பிரவுசரில் எக்ஸ்டென்ஷன் போடப் போகிறீர்களா? கணினி அதிகம் பழகாதவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எக்ஸ்டென்ஷன் போடுவது ஒரு நிமிட வேலை. எதைப் போடலாம், யாரை நம்பலாம், எவ்வளவு அனுமதி கொடுக்கலாம் என்று பார்க்கத்தான் பத்து நிமிடமாவது வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைப் பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை. எங்கள் வீட்டு லேப்டாப்பில், பிடிஎஃப் கோப்பை வேர்டாக மாற்றித் தருவதாகச் சொன்ன ஓர் எக்ஸ்டென்ஷன் வந்து உட்கார்ந்தது. அதன் பிறகு எதைத் தேடினாலும் பெயரே கேள்விப்படாத வேறொரு தேடல் பக்கம் வந்து நிற்கும். அதைக் கண்டுபிடித்து எடுத்து, பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசருக்குள்ளேயே ஓடும் ஒரு சின்ன புரோகிராம். விளம்பரத்தைத் தடுக்கும், பாஸ்வேர்டை நினைவில் வைக்கும், பக்கத்தின் நிறத்தை மாற்றும், இப்படி ஏதாவது ஒரு வேலை செய்யும். விண்டோஸில் தனியாக இன்ஸ்டால் ஆவதில்லை. ஆகவே எக்ஸ்டென்ஷன் என்று சொல்லிவிட்டு 'செட்அப்' கோப்பை டவுன்லோட் செய்யச் சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

1. தேவையா என்று முதலில் பாருங்கள்

எக்ஸ்டென்ஷன் தேடி வருகிற பலருக்கு வேண்டியது ஏற்கெனவே பிரவுசரிலோ விண்டோஸிலோ இருக்கிறது.

ஒரு பக்கத்தை பிடிஎஃப்பாகச் சேமிக்க வேண்டுமா? கண்ட்ரோல் + பி அழுத்துங்கள். பிரிண்டர் பெயர் வரும் இடத்தில் 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது. திரையைப் படம் பிடிக்க விண்டோஸ் பொத்தான் + ஷிஃப்ட் + எஸ். நீளமான பக்கத்தை முழுதாகப் பிடிக்க வேண்டுமென்றால் எட்ஜில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்; ஃபயர்ஃபாக்ஸில் பக்கத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'டேக் ஸ்கிரீன்ஷாட்' என்று வரும்.

தமிழில் தட்டச்சு செய்யவும் எக்ஸ்டென்ஷன் வேண்டியதில்லை. விண்டோஸ் 10-இல் 2019-இலிருந்தே 'தமிழ் ஃபொனெடிக்' கீபோர்டு இருக்கிறது. செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய், தமிழைச் சேர்த்து, அதன் கீபோர்டுகளில் இதைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழாக வரும். பிரவுசரில் மட்டுமல்ல, வேர்டிலும் வாட்ஸ்அப்பிலும் வேலை செய்யும். எக்ஸ்டென்ஷனால் அது முடியாது.

மொழிபெயர்ப்பு குரோமிலேயே இருக்கிறது. பக்கத்தில் ரைட் கிளிக் செய்து பாருங்கள். கண் வலிக்கிறது, யாராவது வாசித்துக் காட்டினால் நன்றாக இருக்கும் என்பவர்கள் எட்ஜில் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + யு அழுத்தலாம். தமிழ்ப் பக்கத்தைத் தமிழ்க் குரலிலேயே வாசிக்கும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதை அவசியம் காட்டிக் கொடுங்கள்.

இவ்வளவையும் கழித்த பிறகு எது மிஞ்சுகிறதோ, அதற்கு மட்டும் எக்ஸ்டென்ஷன் தேடுங்கள். என்னைக் கேட்டால், சாதாரண வீட்டு உபயோகத்துக்கு நல்ல விளம்பரத் தடுப்பான் ஒன்று போதும். அதற்கு மேல் ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம்.

2. உங்களிடம் இருப்பது எந்த பிரவுசர்?

குரோம், எட்ஜ், பிரேவ், ஓப்பரா எல்லாம் ஒரே அடித்தளத்தில் எழுதப்பட்டவை. குரோமின் எக்ஸ்டென்ஷன் கடையான குரோம் வெப் ஸ்டோரில் இருப்பவற்றை இவை எல்லாவற்றிலும் போடலாம். எட்ஜில் முதல் தடவை மட்டும் 'வேறு கடையிலிருந்து அனுமதிக்கலாமா' என்று கேட்கும். எட்ஜுக்குத் தனிக் கடையும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸின் கடை வேறு. சஃபாரிக்கு ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்துதான் வரும்.

போனில் விஷயம் வேறு. ஆண்ட்ராய்டு போனில் உள்ள குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது. ஐபோனில் உள்ள குரோமிலும் முடியாது. 'மொபைல் குரோமில் எக்ஸ்டென்ஷன்' என்று எதையாவது ஏபிகே கோப்பாக (ஆண்ட்ராய்டு ஆப்பை நேரடியாக ஏற்றும் கோப்பு) கொடுத்தால் தொடாதீர்கள். ஆண்ட்ராய்டில் வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரிலிருந்து அதில் நூற்றுக்கணக்கான எக்ஸ்டென்ஷன்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன.

அலுவலகக் கணினி என்றால் நிர்வாகி தடுத்து வைத்திருக்கலாம். அப்படியென்றால் சுற்றுவழி தேடாதீர்கள், ஐடி பிரிவில் கேளுங்கள்.

3. என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்?

ஆவணம் எதுவும் தேவையில்லை. கூகுள் கணக்கில் லாகின் செய்யாமலேயே குரோமில் எக்ஸ்டென்ஷன் போடலாம். ஃபயர்ஃபாக்ஸுக்கும் கணக்கு வேண்டாம். போடுவதற்கு முன்னால் போன் நம்பர், ஆதார், கார்டு விவரம் என்று எதையாவது ஒரு பக்கம் கேட்டால் அது மோசடிதான்.

குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் போடும்போது காசு கிடையாது. குரோம் வெப் ஸ்டோர் தன் வழியாகப் பணம் வாங்கும் வசதியை 2021-லேயே நிறுத்திவிட்டது. ஆனால் சில எக்ஸ்டென்ஷன்கள் போட்ட பிறகு தங்கள் சொந்தத் தளத்துக்குக் கூட்டிப்போய் 'பிரீமியம்' என்று மாதச் சந்தா கேட்கும். இலவச சோதனைக்கே கார்டு நம்பர் கேட்டால், சோதனைக் காலம் முடிந்ததும் தானாகப் பணம் பிடிப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் டாலரில் கட்டணம் இருக்கும். அதற்கு மேல் வங்கியும் அந்நியச் செலாவணிக் கட்டணம் சேர்க்கும். எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டால் சந்தா நின்றுவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். அதை அவர்களின் தளத்தில் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

4. கடைக்கு நேராகப் போங்கள்

பெரும்பாலான தொல்லைகள் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. கூகுளில் எக்ஸ்டென்ஷன் பெயரை அடித்தால் மேலே வருவது பல நேரம் விளம்பரம். அதைத் தொட்டால் பெரிய பச்சை நிற டவுன்லோட் பொத்தானோடு யாரோ ஒருவரின் பக்கம் திறக்கும்.

குரோமில் முகவரிப் பட்டைக்கு வலப்பக்கம் ஜிக்சா புதிர்த் துண்டு மாதிரி ஓர் ஐகான் இருக்கும். அது கண்ணில் படாவிட்டால் மூன்று புள்ளி மெனுவைத் திறந்து 'எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற வரிக்குப் போங்கள். பிரவுசரைத் தமிழில் வைத்திருந்தால் 'நீட்டிப்புகள்'. அதற்குள்ளேயே குரோம் வெப் ஸ்டோருக்குப் போகும் வழி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் மூன்று கோடு மெனுவில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்'. இப்படி உள்ளிருந்தே போனால் போலிக் கடைக்குள் நுழையும் வாய்ப்பே இல்லை.

இன்னொரு கண்ணி: படமோ பாட்டோ பார்க்கும் தளத்தில் 'தொடர அலவ் அழுத்துங்கள்' என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அது எக்ஸ்டென்ஷன் இல்லை. உங்கள் திரையின் மூலையில் அறிவிப்புகளைக் கொட்டுவதற்கு அனுமதி கேட்கிறது. 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று பிறகு வரும் பயமுறுத்தல்கள் பலவும் இந்த வழியாகத்தான் வருகின்றன. 'பிளாக்' என்று அழுத்துங்கள்.

5. போடும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்

கடையில் இருக்கிறது என்பதால் மட்டும் நம்பிவிட முடியாது. குரோம் வெப் ஸ்டோரில் எக்ஸ்டென்ஷன் வெளியிட ஒருவர் ஒரே ஒருமுறை 5 டாலர் கட்டிப் பதிவு செய்தால் போதும். கூகுள் சோதிக்கிறது, சரி. ஆனாலும் தப்பி உள்ளே வந்துவிடுகின்றன. 2017-இல் 'ஆட்பிளாக் பிளஸ்' என்ற அதே பெயரில் ஒரு போலி அந்தக் கடையிலேயே இருந்தது. அதை எடுப்பதற்குள் சுமார் 37,000 பேர் போட்டுவிட்டார்கள்.

அதனால் பெயருக்குக் கீழே யார் வெளியிட்டது என்று பாருங்கள். விளம்பரத் தடுப்பானையே எடுத்துக்கொள்வோம். பலரும் பரிந்துரைப்பது ரேமண்ட் ஹில் எழுதிய 'யூபிளாக் ஆரிஜின்'. 'ஆரிஜின்' இல்லாமல் வெறும் 'யூபிளாக்' என்று இருப்பது வேறு ஆட்களுடையது. பெயர் மட்டுமல்ல, ஐகான்கூட ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். குழப்பமாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. குரோம் கடையில் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனின் முகவரி முடிவிலும் 32 எழுத்துகள் கொண்ட அர்த்தமில்லாத ஒரு சரம் இருக்கும். பெயரை யார் வேண்டுமானாலும் காப்பியடிக்கலாம், அந்தச் சரத்தைக் காப்பியடிக்க முடியாது. தெரிந்தவர் யாராவது எக்ஸ்டென்ஷன் சிபாரிசு செய்தால், பெயரை வாயால் சொல்ல வேண்டாம், கடைப் பக்கத்தின் லிங்கை அனுப்புங்கள் என்று கேளுங்கள்.

குரோமில் இந்த எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 2025 நடுவில் குரோம் பழைய வகை எக்ஸ்டென்ஷன்களை முழுவதுமாக நிறுத்திவிட்டது. அதில் யூபிளாக் ஆரிஜினும் போய்விட்டது. இப்போது குரோமில் அதே ஆள் எழுதிய 'யூபிளாக் ஆரிஜின் லைட்' கிடைக்கிறது. முழு யூபிளாக் ஆரிஜின் வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ். பழைய யூடியூப் வீடியோவைப் பார்த்துத் தேடுகிறவர்கள் கிடைக்கவில்லையே என்று ஏதோ ஒரு தளத்திலிருந்து ஜிப் கோப்பாக எடுத்து, 'டெவலப்பர் மோட்' போட்டு ஏற்றுகிறார்கள். டெவலப்பர் மோட் என்ற அந்தப் பொத்தான் எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்களுக்கானது. அதை ஆன் செய்யச் சொல்லும் எந்த வழிகாட்டியையும் அந்த வரியோடு மூடிவிடுங்கள்.

பக்கத்தில் மேலும் பார்க்க வேண்டியவை: கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் (இரண்டு மூன்று வருடமாகத் தொடாமல் கிடந்தால் விட்டுவிடலாம்), எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், குரோமில் 'ஃபீச்சர்ட்' முத்திரையோ ஃபயர்ஃபாக்ஸில் 'ரெகமெண்டட்' முத்திரையோ இருக்கிறதா. ஃபயர்ஃபாக்ஸ் முத்திரைக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பேன். அதை ஆட்கள் உட்கார்ந்து சோதித்த பிறகுதான் கொடுக்கிறார்கள்.

விமர்சனங்களை நட்சத்திரத்தை வைத்து மதிப்பிடாதீர்கள். ஐந்து நட்சத்திரத்தோடு 'நைஸ்', 'சூப்பர்' என்று வரிசையாக ஒற்றைச் சொல்லில் நிறைந்திருந்தால் சந்தேகப்படுங்கள். புதிய விமர்சனங்கள் முதலில் வருமாறு மாற்றி, ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் கடந்த சில மாதங்களில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். 'திடீரென்று விளம்பரம் வருகிறது', 'தேடல் பக்கம் மாறிவிட்டது' என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தாலே போதும், திரும்பி வந்துவிடுங்கள்.

6. அனுமதிப் பெட்டியில் நிதானியுங்கள்

'ஆட் டு குரோம்' அழுத்தியதும் ஒரு பெட்டி வரும். இந்த எக்ஸ்டென்ஷனால் என்னென்ன முடியும் என்று அதில் எழுதியிருக்கும். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான்.

இருப்பதிலேயே கனமான வரி, 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும்' முடியும் என்று பொருள்படுவது. அது சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் திறக்கும் ஜிமெயில், வங்கிக் கணக்கு, மருத்துவமனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் அதனால் பார்க்க முடியும். நீங்கள் பெட்டியில் அடிப்பதையும் படிக்க முடியும். வேலைக்கு வருபவருக்கு வீட்டுச் சாவியைக் கொடுப்பது போலத்தான். கொடுக்கவே கூடாது என்பதில்லை, ஆளைத் தெரிந்து கொடுக்க வேண்டும்.

கேட்கும் அனுமதி, செய்யும் வேலைக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. விளம்பரத் தடுப்பான் எல்லாப் பக்கத்தையும் பார்த்தால்தான் விளம்பரத்தை எடுக்க முடியும், அது நியாயம். யூடியூப் வீடியோவின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்டென்ஷனுக்கு யூடியூப் மட்டும் போதும். புதிய டேப் திறக்கும்போது அழகான படம் காட்டும் ஒன்று உங்கள் பிரவுசிங் வரலாற்றைக் கேட்டால், எதற்கு? கால்குலேட்டரோ வானிலையோ காட்டுகிற ஒன்று 'எல்லா இணையதளங்களும்' கேட்டால் 'கேன்சல்' அழுத்துங்கள். அதே வேலைக்குக் குறைவாகக் கேட்கும் இன்னொன்று கிடைக்கும்.

'உங்கள் தேடல் அமைப்பை மாற்றும்' என்ற வரி இருந்தால் பேச்சே இல்லை. பிடிஎஃப் மாற்றி, கூப்பன் தேடி, வரைபடம் காட்டி என்று எந்த வேஷத்தில் வந்தாலும் வேண்டாம்.

குரோமின் பாதுகாப்பு செட்டிங்ஸில் மேம்பட்ட பாதுகாப்பை ஆன் செய்திருந்தால், சிலவற்றுக்கு 'இது நம்பகமானது அல்ல' என்று குரோமே எச்சரிக்கும். புதிதாக வந்தவர்களின் நல்ல எக்ஸ்டென்ஷனுக்கும் அந்த எச்சரிக்கை வரலாம்தான். பழகாதவர்கள் அதைத் தாண்டிப் போகாமல் இருப்பதே நல்லது.

7. போட்டதும் செய்ய வேண்டியவை

'ஆட் எக்ஸ்டென்ஷன்' அழுத்தினால் சில நொடிகளில் முடிந்துவிடும். கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கங்களை மட்டும் ரெஃப்ரெஷ் செய்யுங்கள்.

போட்டாயிற்று, எங்கே காணோம் என்று பலர் கேட்பார்கள். புதிர்த்துண்டு ஐகானுக்குள் ஒளிந்திருக்கும். அதைத் திறந்து, பெயருக்குப் பக்கத்தில் உள்ள குண்டூசி அடையாளத்தைத் தொட்டால் வெளியே வந்து நிற்கும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. புதிர்த்துண்டு, 'மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்', பிறகு அந்த எக்ஸ்டென்ஷனின் 'டீடெயில்ஸ்' என்று வரிசையாகப் போங்கள். 'சைட் அக்சஸ்' என்ற பகுதியில் மூன்று தேர்வுகள் இருக்கும்: கிளிக் செய்தால் மட்டும், குறிப்பிட்ட தளங்களில் மட்டும், எல்லாத் தளங்களிலும். எப்போதாவது பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷனுக்கு முதலாவதை வையுங்கள். நீங்கள் ஐகானைத் தொட்டால்தான் அது அந்தப் பக்கத்தைப் பார்க்கும். இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது. ஒரே நிமிடத்தில் எவ்வளவோ ஆபத்தைக் குறைத்துவிடும்.

பார்த்த பக்கங்களைப் பிரவுசர் வரலாற்றில் சேமிக்காத இன்காக்னிட்டோ சன்னலில் எக்ஸ்டென்ஷன்கள் தானாக ஓடாது. நீங்கள் தனியாக அனுமதித்தால்தான் ஓடும். அனுமதிக்காமலே விட்டுவிடுங்கள். ஒரு தளம் திடீரென்று சரியாகத் திறக்கவில்லை என்றால், அதே பக்கத்தை இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக வந்தால் பெரும்பாலும் குற்றவாளி உங்கள் எக்ஸ்டென்ஷன்தான். ரயில் டிக்கெட், அரசுத் தேர்வு விண்ணப்பம் மாதிரி நேரம் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளில் இதை முன்கூட்டியே சோதித்து வைத்துக்கொள்ளுங்கள்.

8. பணத்துக்குத் தனி புரொஃபைல்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். குரோமிலும் எட்ஜிலும் வலது மேல் மூலையில் உங்கள் படம் அல்லது பெயரின் முதல் எழுத்து இருக்கும். அதைத் தொட்டு 'ஆட்' என்று புதிய புரொஃபைல் ஒன்றை உருவாக்குங்கள், 'பணம்' என்று பெயர் வையுங்கள், வேறு நிறம் கொடுங்கள். கணக்கில் லாகின் செய்யச் சொன்னால் தவிர்த்துவிடலாம். அதில் எந்த எக்ஸ்டென்ஷனும் போடாதீர்கள். வங்கி, வருமான வரி, மின்கட்டணம் எல்லாம் அந்தச் சன்னலில் மட்டும். ஒரு புரொஃபைலில் போட்ட எக்ஸ்டென்ஷன் இன்னொன்றை எட்டிப் பார்க்க முடியாது.

9. எடுப்பதும், சிக்கல் வந்தால் செய்வதும்

ஐகானில் ரைட் கிளிக் செய்து 'ரிமூவ் ஃப்ரம் குரோம்'. அவ்வளவுதான். எது தொல்லை கொடுக்கிறது என்று தெரியாவிட்டால், 'மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' பக்கத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாக ஆன் செய்து பாருங்கள். பொறுமை வேண்டும், ஆனால் கண்டுபிடித்துவிடலாம்.

எடுத்த பிறகும் தேடல் பக்கம் மாறியே இருந்தால் செட்டிங்ஸில் 'ரீசெட்' பகுதிக்குப் போங்கள். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் போகாது. எக்ஸ்டென்ஷன்கள் அணைந்துவிடும், தேடல் அமைப்பு பழையபடி வரும். 'ரிமூவ்' பொத்தானே இல்லாமல், வீட்டுக் கணினியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வந்தால், விண்டோஸுக்குள் வேறு ஏதோ புரோகிராம் அதைப் பூட்டி வைத்திருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் சமீபத்தில் புதிதாக ஏறியவற்றைப் பார்த்து நீக்குங்கள். முடியவில்லை என்றால் விவரம் தெரிந்தவரிடம் நேரில் காட்டுங்கள். போனில் அழைத்து 'ரிமோட்டில் சரி செய்கிறேன்' என்று சொல்லும் முன்பின் தெரியாதவரிடம் கணினியைக் கொடுக்க வேண்டாம்.

சந்தேகமான எக்ஸ்டென்ஷன் இருந்த கணினி என்றால், எடுத்த பிறகு மெயில் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், பிறகு வங்கி. கூடவே கூகுள் கணக்கில் 'உங்கள் சாதனங்கள்' பகுதிக்குப் போய் எல்லா இடத்திலிருந்தும் வெளியேறுங்கள். பாஸ்வேர்டு தெரியாமலே, நீங்கள் லாகின் செய்திருக்கும் நிலையைத் திருடிக்கொண்டு உள்ளே வர முடியும் என்பதால்தான் இது. இந்தியாவில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு வாய்ப்பு.

10. நல்லதும் கெட்டுப்போகும்

எக்ஸ்டென்ஷன்கள் உங்களைக் கேட்காமலே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். போடும்போது நல்லதாக இருந்தது பிறகு கை மாறலாம். 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்று 20 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்திய ஒன்று இருந்தது. 2020-இல் அதை எழுதியவர் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுள் அதைக் கடையிலிருந்து நீக்கியது. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனிலேயே, ஊழியர் ஒருவருக்குப் போலி மெயில் அனுப்பி ஏமாற்றி, திருட்டு நிரலை ஏற்றிவிட்டார்கள்.

ஆகவே மாதம் ஒருமுறை, கரண்ட் பில் கட்டும் நாளில் என்று வைத்துக்கொண்டால்கூடச் சரி, 'மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். பயன்படுத்தாதவற்றை அணைத்து வைக்காமல் எடுத்தே விடுங்கள். வேண்டும்போது மறுபடி போட ஒரு நிமிடம்தான். கடையிலிருந்து நீக்கப்பட்டது ஏதாவது உங்களிடம் இருந்தால் குரோமே அங்கு சுட்டிக்காட்டும். ஓர் எக்ஸ்டென்ஷன் தானாக அணைந்து, 'புதிய அனுமதி தேவை' என்று கேட்டுக்கொண்டு நின்றால், பழக்கத்தில் சரி என்று அழுத்திவிடாதீர்கள். புதிதாக என்ன கேட்கிறது என்று படித்து, கடைப் பக்கத்துக்குப் போய் வெளியிட்டவர் பெயர் மாறியிருக்கிறதா, கடைசி விமர்சனங்கள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.